வளாகப் போலீஸ் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே பல்கலைக்கழகத்துக்கென்றே தனிப் போலீஸ் உண்டு என்றால் ஊரில் நம்ப மறுக்கிறார்கள். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அல்ல. துப்பாக்கியும் கைது செய்யும் அதிகாரமும் உள்ள போலீஸ். எங்களுக்குச் சம்பளம் தரும் நிர்வாகம்தான் அவர்களுக்கும் தருகிறது.

அவர்களே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. “தம்பி, நேத்து ராத்திரியிலிருந்து பையன் போன் எடுக்கல, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்” என்று சென்னையிலிருந்து ஒரு அம்மா அழும்போது நான் கூப்பிடுவது அவர்களைத்தான். நள்ளிரவானாலும் போய்க் கதவைத் தட்டிப் பார்த்துச் சொல்வார்கள். ஆனால் போலீஸ் தன்னிடம் முறைதவறி நடந்தது என்று சொல்லிவிட்டு, புகார் எழுத மட்டும் மறுக்கும் மாணவர்களையும் பார்த்திருக்கிறேன். விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். “யார்கிட்ட சார் குடுக்கணும்? அவங்ககிட்டயேவா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி.

2011 நவம்பர் 18 அன்று யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) டேவிஸ் வளாகத்தில், கட்டண உயர்வை எதிர்த்துத் தரையில் உட்கார்ந்திருந்த மாணவர்களின் முகத்தில் வளாகப் போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்தது. அந்த வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். கலிபோர்னியா உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குரூஸ் ரெய்னோசோ தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கையை இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் படிக்க வேண்டும். மாணவர்கள் போட்டிருந்த கூடாரங்களைப் பட்டப்பகலில் அகற்றுவது என்று முடிவெடுத்தவர் அந்த வளாகத்தின் நிர்வாகத் தலைவரான வேந்தர் லிண்டா கட்டேஹி. போலீஸ் அதிகாரிகளுக்கு அதில் உடன்பாடில்லை. அதை அவரிடம் அழுத்திச் சொல்ல வளாகப் போலீஸ் தலைவர் தவறினார். பலப்பிரயோகம் எந்த அளவோடு நிற்க வேண்டும் என்பதை வேந்தரும் தெளிவாகச் சொல்லவில்லை. கடைசியில் கையில் எடுத்த அந்தப் பெரிய ஸ்பிரே, அந்தத் துறையில் அனுமதிக்கப்படாத ஒன்று. போலீஸ் சங்கம் நீதிமன்றம் போனதால் அறிக்கையே தாமதமாகத்தான் வெளிவந்தது.

அப்படியானால் வேந்தரே கண்காணிக்கட்டுமே என்பார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைக் காப்பது அவருடைய வேலை. இணையத்தில் தேடினால் மிளகு ஸ்பிரே செய்தி மேலே வராமலிருக்க டேவிஸ் நிர்வாகம் குறைந்தது 1,75,000 டாலர் ஒப்பந்தங்கள் போட்டது 2016இல் தெரியவந்தது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இந்த நெருக்கடி இருக்கும். நகரப் போலீஸிடம் ஒப்படைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. விடுதி வாழ்க்கை, தேர்வு நெருக்கடி, விசா பயம் எல்லாம் அவர்களுக்கு இன்னும் தூரம்.

டேவிஸில் 2014இல் மாணவர், ஆசிரியர், ஊழியர் சேர்ந்த பொறுப்புடைமைக் குழு ஒன்று வந்தது. புகாரைப் போலீஸுக்கு வெளியே உள்ளவர்கள் விசாரிக்கிறார்கள். குழு அதைப் படித்துப் பரிந்துரைக்கிறது. 2021இல் யூசியின் பத்து வளாகங்களுக்கும் இத்தகைய குழு வேண்டும் என்று முடிவானது. நான் நம்பும் வழி இதுதான், ஆனால் இது பாதி வழி. பரிந்துரையை ஏற்பதும் தள்ளுவதும் இன்னமும் போலீஸ் தலைவர் கையில். அவர் தள்ளினால், காரணத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதித் தர வேண்டும். குழுவில் விசாவில் இருக்கும் மாணவர் ஒருவருக்காவது இடம் வேண்டும். புகாரை எங்களைப் போன்ற அலுவலகங்களிலேயே கொடுக்க வழி வேண்டும். வாங்கிப் பதிவு செய்ய நான் தயார்.