கடத்தில் விழுந்த சில்லறை

பெங்களூர் அல்சூரில் குடியிருக்கும் என் சித்தப்பா, பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் 34 ஆண்டுகள் லேத் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாதமே கடம் கற்றுக்கொள்ளத் தொடங்கியவர். பதினொரு ஆண்டுகளில் அவர் ஏறிய மேடைகள் இரண்டே: ஒன்று குருவின் வீட்டு நவராத்திரிக் கொலு, மற்றொன்று சொந்தப் பேரனின் முதல் பிறந்தநாள். அவரிடம் இருப்பது ஒரே ஒரு கடம். மானாமதுரையில் செய்தது, ஐந்தரைக் கட்டை சுருதி. அதைச் சித்தியைத் தவிர வேறு யாரும் தூக்கக் கூடாது என்பது அவருடைய விதி. அதைத் தூக்கவே மாட்டேன் என்பது சித்தியின் விதி.

இப்படி இருக்கையில்தான் அவருடைய மகள், அதாவது என் தங்கை, ஜூன் 21 அன்று சர்ச் ஸ்ட்ரீட்டில் நடக்கவிருந்த தெரு இசை விழாவைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் வாய்விட்டாள். அவளோடு வேலை பார்க்கும் பையன்கள் மூவர் கிடார், கீபோர்டு, கஹோன் என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். கஹோன் என்பது மேலே உட்கார்ந்துகொண்டு தட்டுகிற மரப்பெட்டி. அதைத் தட்டும் பையன் பூப்பந்து ஆடப் போய் மணிக்கட்டைப் பிசகிக்கொண்டு வந்துவிட்டதால், தட்டுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் சித்தப்பா கையைக் கழுவிவிட்டு வந்து கடத்தின் உறையை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். கிடாரோடு கடம் சேருமா என்று நான் கேட்டது என் அறியாமை. 1970களிலேயே ஜான் மெக்லாஃப்லினின் கிடாருக்குப் பக்கத்தில் விக்கு விநாயக்ராம் கடத்தோடு உட்கார்ந்து 'சக்தி' குழுவில் வாசித்ததை அடுத்த முக்கால் மணி நேரம் விளக்கினார்.

ஜூன் 21 என்ற தேதிக்கு ஒரு கதை உண்டு. 1982இல் பிரான்சின் பண்பாட்டு அமைச்சராக இருந்த ஜாக் லாங்கும், அவருடைய அமைச்சகத்தில் இசைத் துறையைக் கவனித்துவந்த மோரீஸ் ஃப்ளூரேயும், நாட்டில் இத்தனை லட்சம் பேர் வீட்டுக்குள் அடைந்து வாத்தியம் வாசித்துக்கொண்டிருக்கும்போது, பகல் நீண்டிருக்கும் ஒரு நாளில் அவர்களையெல்லாம் தெருவுக்கு வரச்சொன்னால் என்ன என்று யோசித்ததில் பிறந்த விழா அது. பிரெஞ்சு மொழியில் 'இசைத் திருவிழா' என்பதும் 'இசை வாசியுங்கள்' என்பதும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்குமாம். தேர்ந்த கலைஞரும் கற்றுக்குட்டியும் ஒரே தெருவில் வாசிக்கலாம், கேட்பவர் ஒரு காசும் தர வேண்டியதில்லை என்பதே அதன் அடிப்படை. இந்தக் கடைசிப் பகுதியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று மாலை சர்ச் ஸ்ட்ரீட்டில் பலருக்கு அது நினைவில் இல்லை.

இதை நான் எடுத்துச் சொன்னபோது சித்தப்பா அசரவில்லை. "இதைப் போய் பிரான்சுக்காரன் கண்டுபிடிக்கணுமாடா? நம்ம சோமேசுவரர் கோயில் பூப்பல்லக்கு அன்னைக்கு ராத்திரி முழுக்க தெருவுல என்ன நடக்குது?" என்று கேட்டார். எனக்கும் பதில் இல்லை. அல்சூரில் வளர்ந்தவர்கள் அனைவரும், முன்னால் போகும் பல்லக்கின் நாகசுரம் ஒரு ராகத்திலும், பின்னால் வரும் பல்லக்கின் நாகசுரம் வேறொரு ராகத்திலும் முழங்க, நடுவில் நின்று இரண்டையும் இலவசமாகக் கேட்டவர்கள்தாம். விண்ணப்பப் படிவம் ஒன்றுதான் அங்கே கிடையாது.

படிவம் இங்கே இருந்தது. வாத்தியத்தின் நிறுவனம், மாடல் என்ற இடத்தில் சித்தப்பா "மானாமதுரை, மண்" என்று எழுதினார். மின்சாரத் தேவை எத்தனை வாட் என்ற கேள்விக்குக் கோடு போட்டுவிட்டார்.

உண்மையான சிக்கல் சுருதியில் வந்தது. பையன்கள் வாசித்தது 'ஜி'யில். நம் கணக்கில் ஐந்து கட்டை. சித்தப்பாவின் கடமோ ஐந்தரை. கிடார்க்காரப் பையன் பெருந்தன்மையோடு கிடாரின் கழுத்தில் ஒரு கவ்வியை மாட்டி அரைக்கட்டை ஏற்றிக்கொள்கிறேன் என்றான். ஆனால் பாடுகிறவனும் அவனே ஆதலால், ஏற்றிய சுருதியில் சரணத்தின் உச்சியைத் தொடும்போது அவன் முகம் போன போக்கைப் பார்த்து, என் தங்கையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆகவே இறங்க வேண்டியது கடம். மிருதங்கமாக இருந்தால் வாரை இழுத்தோ தளர்த்தியோ சமாளிக்கலாம். சூளையில் வெந்து வந்த மண்ணை என்ன செய்வது? இதனால்தான் கடக் கலைஞர்கள் சுருதிக்கு ஒன்றாகப் பல கடங்களை வாங்கி வைக்கிறார்கள். இதே பெங்களூரில் வாழும் சுகன்யா ராம்கோபால், வெவ்வேறு சுருதிக் கடங்களை வரிசையாக வைத்து 'கட தரங்கம்' என்றே வாசிக்கிறார். சித்தப்பாவின் ஓய்வூதியத்தில் தரங்கத்துக்கு இடமில்லை.

ஆனால் ஒரு வழி இருந்தது. கடத்தின் உட்சுவரில் குழந்தைகள் விளையாடும் மெழுகுக் களிமண்ணை அப்பினால் சுருதி கொஞ்சம் இறங்கும். வித்துவான்களும் கையாளுகிற உபாயம்தான். பேரனிடம் பச்சை நிறத்தில் ஒரு டப்பா களிமண் இருந்தது. ஆறு வயதுப் பேரன், ஒரு துளிகூடக் குறையாமல் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் கடன் கொடுத்தான். சித்தப்பா லேத்துக்காரர் அல்லவா, கண்ணளவில் எதையும் செய்யமாட்டார். சமையலறைத் தராசில் களிமண்ணைப் பத்துப் பத்துக் கிராமாக நிறுத்து, கடத்தின் வாய்க்குள் முழங்கை வரை கையைவிட்டு அப்புவார். கையை எடுத்து ஒரு தட்டு. கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியைப் பார்ப்பார். மறுபடியும் பத்துக் கிராம். இரவு பதினொரு மணிக்குக் கடம் ஐந்து கட்டைக்கு வந்தபோது, மறுநாள் சாம்பாருக்குப் பருப்பு நிறுக்கத் தராசு கேட்டு நின்ற சித்திக்குப் பச்சைத் தராசு கிடைத்தது.

விழா நாளில் அல்சூர் மெட்ரோ நிலையத்தில் பையைச் சோதிக்கும் திரையில் முழு நிலவுபோல ஒரு வட்டம் தெரிந்தது, "ஏனு சார் இது?" என்ற கேள்விக்குச் சித்தப்பா அங்கேயே, ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிக்கிற ஒரு சிறு மோரா வைத்துக் காட்டினார், விட்டுவிட்டார்கள். இரண்டாவது நிலையம் எம்.ஜி. ரோடு. அங்கிருந்து சர்ச் ஸ்ட்ரீட் நடக்கிற தூரம்தான்.

2018இல் கருங்கல் பாவிப் புதுப்பித்த அந்தத் தெருவில் வண்டிகள் இல்லாத மாலை என்பதே ஒரு காட்சி. பிரிகேட் ரோடு முனையில் யாரோ சாக்ஸபோன் ஊதினார்கள். பழைய புத்தகக் கடைப் பக்கம் கல்லூரிப் பெண்கள் நால்வர் கன்னடப் பாட்டொன்றைக் கைத்தட்டலோடு பாடினார்கள். இரண்டுக்கும் நடுவே நின்றபோது எனக்குப் பூப்பல்லக்கு இரவுதான் நினைவுக்கு வந்தது. எங்களுக்கு ஒதுக்கியிருந்த நேரம் 5.40. அந்த நேரத்தில் கீபோர்டின் அடாப்டர் வீட்டில் இருப்பது தெரியவந்தது. ஒருவன் அதை எடுத்துவர ஓடினான். எங்களுக்குப் பிறகு வாசிக்க வேண்டியவர்கள் முன்னால் வந்து வாசிக்கத் தொடங்கினார்கள்.

காத்திருக்கச் சித்தப்பாவுக்குத் தெரியும். நடைபாதையின் ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார். பிரிமணையை வைத்து, அதன்மேல் கடத்தை வாய் மேல்நோக்கி இருக்குமாறு வைத்தார். நான் காப்பி வாங்கி வந்து கொடுத்தேன். நெற்றியில் விபூதி, இடுப்பில் எட்டுமுழ வேட்டி, முன்னால் விரித்த துண்டு, துண்டின்மேல் வாயைத் திறந்துகொண்டு ஒரு பானை. அந்தக் காட்சியைத் தள்ளி நின்று பார்த்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். காப்பியைப் பாதி குடித்திருப்பார். கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஓர் இளைஞர் குனிந்து, மிக மரியாதையாக, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைக் கடத்துக்குள் போட்டுவிட்டுப் போனார்.

'டங்' என்று ஒரு சத்தம். சித்தப்பா பேசவில்லை. பதினொரு ஆண்டுகளாகச் சித்தியைத் தவிர வேறு யாரையும் தூக்கவிடாத கடம் அது. அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள், சாக்ஸபோன்காரருக்குக் கைதட்டிவிட்டு வந்த ஒரு குடும்பம், குழந்தையின் கையில் சில்லறையைக் கொடுத்துப் போடச் சொன்னது. ஒருவர் போட்டால் வரிசை வைத்துவிடுவது நம் மக்களின் பழக்கம். கோயில் குளத்தில் காசு போடுவதும் இப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும். அடுத்த ஐந்து நிமிடத்தில் நாணயங்களோடு ஓர் இருபது ரூபாய்த் தாளும், ஒரு புளிப்பு மிட்டாயும் உள்ளே போயின. சில்லறை இல்லாத பெண் ஒருத்தி, "அங்கிள், க்யூஆர் கோடு எங்கே இருக்கு?" என்று ஆங்கிலம் கலந்து கேட்டபோதுதான் அவர் கடத்தை அள்ளி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னைப் பார்த்தா பிச்சை எடுக்கிற மாதிரியாடா இருக்கு?" என்று கேட்டார். நான் பயந்துகொண்டே, தியாகராஜ சுவாமிகளே உஞ்சவிருத்தி எடுத்தவர்தானே, தெருவில் பாடிக்கொண்டு போய் அரிசி வாங்கினால் அதற்குப் பிச்சை என்றா பெயர் என்றேன். சற்று யோசித்தவர், "அவர் அதுக்குச் சொம்பு வச்சிருந்தார். வாத்தியத்துக்குள்ள யாரும் அரிசி போடலை" என்றார். வாதம் நியாயமானதுதான்.

கடத்தைக் கவிழ்த்துக் குலுக்கினோம். நாணயங்கள் விழுந்தன, மிட்டாய் விழுந்தது. தாள் விழவில்லை. சித்தப்பா கையை விட்டுத் துழாவியபோது, அது களிமண்ணில் சுவரொட்டிபோல ஒட்டியிருந்தது தெரிந்தது. இழுத்தால் களிமண்ணும் வரும், சுருதியும் போகும். அந்த நேரம் பார்த்து அடாப்டர் வந்துவிட்டது; எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். தாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவாயிற்று. ஆனால் களிமண்ணில் பதிந்திருந்தது தாள் மட்டுமல்ல என்பது எங்களுக்குத் தெரியாது.

முதல் பாட்டு நன்றாகவே போயிற்று. இரண்டாவது பாட்டில் சித்தப்பாவின் விரல்கள் சூடேற ஏற, களிமண்ணில் செருகியிருந்த நாணயங்கள் ஒவ்வொன்றாக விடுபட்டு உள்ளே உருளத் தொடங்கின. கடத்தின் நாதத்தோடு 'ஜல், ஜல்' என்று ஒரு சலங்கையும் சேர்ந்துகொண்டது. கிடார்க்காரப் பையன் திரும்பிப் பார்த்து, ஏதோ அபூர்வ உத்தி என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்தினான். சித்தப்பாவின் முகம் மட்டும் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் இருந்தது.

கடைசியில் அவருக்கு இரண்டு நிமிடத் தனி கொடுத்தார்கள். வாசிப்பை முடித்துவைக்கும் தீர்மானத்தில் கடத்தை மேலே எறிந்து தாளம் தப்பாமல் பிடிப்பது அவருடைய ஆயுட்கால ஆசை. வீட்டில் மெத்தைக்கு மேல் பழகியிருக்கிறார். கீழே கருங்கல். வேண்டாம் சித்தப்பா என்று நான் கையைக் காட்டுவதற்குள் கடம் மேலே போய்விட்டது. அது சுழன்ற வேகத்தில் உள்ளே இருந்த நாணயங்கள் வெளியே தெறித்து, மாலை வெயிலில் மின்னி, ஒன்று கிடார்க்காரனின் நெற்றியிலும் மற்றவை முன்வரிசையின் மேலும் விழுந்தன. கடத்தைச் சித்தப்பா பிடித்துவிட்டார். தாளமும் தப்பவில்லை. தெருவே எழுந்து கத்தியது. இலவச விழா என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கேட்க வந்தவர்களுக்குக் காசு கொடுக்கும் விழாவை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பின்னால் யாரோ தமிழில் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பேரன் களிமண்ணைக் கேட்டான். சுரண்டி எடுத்து உருட்டிக் கொடுத்ததில் இருபது ரூபாய்த் தாள் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. ஒரு துளிகூடக் குறையவில்லை, கூடத்தான் இருக்கிறது என்று அவன் ஒத்துக்கொண்டான். அடுத்த கச்சேரி எப்போது என்றும் விசாரித்தான்.

கடம் இப்போது கூடத்து அலமாரிமேல் இருக்கிறது. அதன் வாய்க்கு ஒரு வெள்ளைத் துணியைப் போட்டுச் சணல் கயிற்றால் இறுகக் கட்டி வைத்திருக்கிறார் சித்தப்பா. போன வாரம் வந்திருந்த சித்தியின் அண்ணி, அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, மாவடுவா நார்த்தங்காயா என்று கேட்டார்.