தோற்றவருக்குப் போன இருக்கை

செப்டம்பர் 3

தேதி பார்த்துத்தான் இன்று படிக்க உட்கார்ந்தேன். 1868-இல் இதே நாளில் அட்லாண்டாவில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றக் கீழவையில் ஹென்றி மெக்னீல் டர்னர் எழுந்து பேசினார். பாதிரியார், உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றுக்கு மதகுருவாக இருந்தவர். தேர்தலில் வென்று வந்த கறுப்பின உறுப்பினர்களை வெளியேற்றும் தீர்மானம் அன்று அவை முன் இருந்தது. எவரிடமும் குழைய மாட்டேன், என் உரிமையை யாசிக்க மாட்டேன் என்கிறார். பிறகு, "நான் மனிதனா?" என்று கேட்கிறார். அந்த வரியில் புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

வெளியேற்றித்தான் விட்டார்கள்.

செப்டம்பர் 5

சட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்த பிடி அற்பமானது. கறுப்பர் வாக்களிக்கலாம் என்றது மாநிலத்தின் புதிய அரசியலமைப்பு. பதவி வகிக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லாததால் இல்லை என்று வாதாடினார்கள். அதை எழுதிய மாநாட்டில் டர்னரும் இருந்தார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பழைய எஜமானர்களிடம் பெருந்தன்மையாக நடந்துகொண்டால் அவர்களும் இறங்கி வருவார்கள் என்று நம்பியிருக்கிறார், பாவம்.

இன்னொரு கூத்து. அதற்கு முந்தைய ஜூலையில் இதே அவை, கறுப்பருக்கும் குடியுரிமை தரும் நாட்டு அரசியலமைப்பின் 14-ஆம் திருத்தத்தை ஏற்றது. அப்போது இந்தக் கறுப்பின உறுப்பினர்களின் வாக்கு செல்லுபடியானது. ஆறே வாரத்தில் ஆட்கள் செல்லாமல் போனார்கள். அந்தத் திருத்தத்தின்படி பதவிக்கு வரவே கூடாத, போரில் தென்தரப்பில் நின்ற பழைய ஆட்கள் சிலர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

செப்டம்பர் 6

காலியான இடங்களில் மறுதேர்தல் வைக்கவில்லை. அடுத்தபடியாக வாக்கு வாங்கித் தோற்ற வெள்ளையரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். கலப்பினத்தவர் நால்வர் மட்டும் தோல் வெளுப்பினால் தப்பினார்கள். உறுப்பினர் என்ற சொல்லை இன்று எத்தனை முறை எழுதினேனோ, அதற்குள் 'உறுப்பு' இருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது.

செப்டம்பர் 12

மேலவையின் முறை. டூனிஸ் கேம்பல் வெளியேற்றப்பட்ட நாள். கடலோரத் தீவுகளில் விடுதலை பெற்றவர்களைக் குடியமர்த்தியவர். 1876-இல், அறுபது வயதைக் கடந்த அவரைக் கைதியாக்கி, கைதிகளைக் கூலிக்கு வாடகை விடும் முறையில் வேலைக்கு அனுப்பினார்கள். இதற்குமேல் இன்று எழுத மனமில்லை.

செப்டம்பர் 19

வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவரான பிலிப் ஜாய்னர் 1868-இல் இந்த நாளில் ஆல்பனியிலிருந்து கமில்லா என்ற ஊருக்கு ஒரு தேர்தல் ஊர்வலத்தை நடத்திச் சென்றார். சுமார் 25 மைல். ஊருக்குள் நுழைந்ததும் அவ்வூர் வெள்ளையர்கள் சுட்டார்கள். ஏறத்தாழ பன்னிரண்டு பேர் செத்தார்கள். காயப்பட்டவர்கள் அதைவிட அதிகம்.

செப்டம்பர் 20

1869-இல் மாநில உச்ச நீதிமன்றமே கறுப்பர் பதவி வகிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் அவை அசையவில்லை. வாஷிங்டனிலிருந்த மத்திய அரசு தலையிட்டு, மறுபடி ராணுவத்தை நிறுத்தி, அதன் தளபதி ஜெனரல் டெர்ரி 1870 ஜனவரியில் தகுதியற்றவர்களை நீக்கிய பிறகுதான் இவர்கள் திரும்பி வந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலில் ஜனநாயகக் கட்சியினர் வென்றுவிட்டார்கள். வெளியேற்றப்பட்டவர்களை இன்று 'முதல் 33 பேர்' என்கிறார்கள். 1978-இல் மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் சிலையும் வைத்தார்கள்.

செப்டம்பர் 21

வெளியேற்றப்பட்டவர்களில் இன்னொருவர், கிரீன் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) ஏப்ரம் கோல்பி, நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன சாட்சியம். 5,000 டாலர் தருகிறோம், எங்கள் பக்கம் வா. இல்லாவிட்டால் 2,500 வாங்கிக்கொண்டு விலகு என்று எதிர்த்தரப்பினர் பேரம் பேசியிருக்கிறார்கள். இந்தக் கவுண்டியையே கொடுத்தாலும் மாட்டேன் என்றார். வெளியேற்றப்பட்டவரிடம் விலகச் சொல்லிப் பணம் நீட்டுவானேன் என்று முதலில் குழம்பினேன். பிறகு புரிந்தது: அவர் சொன்னால் மக்கள் கேட்பார்கள்.

1869 அக்டோபரில் ஒரு நள்ளிரவில் கதவை உடைத்து, காட்டுக்கு இழுத்துப்போய், மூன்று மணி நேரம் அடித்தார்கள். இனியும் குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பாயா என்று கேட்டார்கள். நாளைக்கே தேர்தல் வந்தாலும் அதற்குத்தான் என்றார். மறுபடி அடித்தார்கள்.

அப்பாவைக் கொண்டுபோகாதீர்கள் என்று அவருடைய சின்ன மகள் கெஞ்சியிருக்கிறாள். அவளை நோக்கித் துப்பாக்கியை நீட்டியிருக்கிறார்கள். அந்தப் பயம் அவள் சாகும்வரை தெளியவே இல்லை என்கிறார் கோல்பி.