சைலன்சரை இறுக்கினால் நிற்காது, தொங்கவிட்டால்தான் நிற்கும்

பழைய டூரிங் (நெடும்பயண) மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் தெரிந்திருக்கும். ஐட்லிங்கில் ஒன்றும் இருக்காது, வேகமாகப் போகும்போதும் இருக்காது, நடுவில் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் (எஞ்சின் சுற்றும் வேகத்தில்) மட்டும் சைலன்சரிலிருந்து, தகர டின்னுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் ஒரு இரைச்சல். கொழும்பு பேஸ்லைன் வீதி நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போது அந்த ஆர்பிஎம்மில்தான் முழு நேரமும் இருப்போம், பக்கத்து திரீவீல்காரர் திரும்பிப் பார்ப்பார்.

என்னுடையது பிஎம்டபிள்யூ ஆர்80ஆர்டி, எண்பதுகளின் வண்டி. பொக்சர் எஞ்சின் என்பதால் அதிராது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இரண்டு பிஸ்டனும் எதிரெதிராக ஓடுவதால் ஒன்றின் உதறலை மற்றது பெரும்பாலும் தின்றுவிடும், அது உண்மை. ஆனால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை, ஒன்று மற்றதைவிடச் சற்று முன்னால் இருக்கிறது, அதனால் எஞ்சின் மெல்ல இடம் வலமாகத் திருகிக்கொண்டே இருக்கும். போதாததற்கு எஞ்சினை நீளமான இரண்டு போல்ட் நேரே ஃபிரேமோடு பிடித்திருக்கின்றன, நடுவில் ரப்பர் கிடையாது. அந்த அதிர்வெல்லாம் எஞ்சினிலும் ஃபிரேமிலும் சேர்ந்து தொங்கும் நீளமான சைலன்சருக்குத்தான் போய்ச் சேரும்.

கராஜில் காட்டினால் ஒன்று "இறுக்கிட்டா சரி" என்பார்கள், இல்லையென்றால் "ஒரு வெல்டிங் போட்டுருவம்" என்பார்கள். எனக்கு முன் இந்த வண்டியை வைத்திருந்தவருக்கு யாரோ இரண்டையுமே செய்து கொடுத்திருக்கிறார்கள்: பின்பக்க பிராக்கெட்டில் ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, தடித்த இரும்புப் பட்டை ஒன்றை வைத்து ஒட்டியிருந்தார்கள். பட்டை இன்றைக்கும் கல்லுமாதிரி இருக்கிறது, வெடித்தது அதற்கு ஓர் அங்குலம் தள்ளிக் குழாயில்.

ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். சாதாரண இரும்புக் குழாய் ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். சூடு 300 பாகை ஏறினால் அது கிட்டத்தட்ட மூன்றரை மில்லிமீட்டர் நீளும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 5 மில்லிமீட்டர். முன்முனை சிலிண்டர் ஹெட்டில் இறுகி நிற்கிறது, பின்முனையையும் அசையவிடாமல் பிடித்தால் அந்த நீளம் எங்கே போகும்? குழாயை வளைக்கும், வெல்டிங்கை இழுக்கும். அதற்கு மேல் அதிர்வும் சேர்ந்தால் வெடிப்பு நிச்சயம், எப்போது என்பதுதான் கேள்வி. அதனால் முன்பக்கம் இறுகியும் பின்பக்கம் இளகியும் இருக்க வேண்டும்.

எங்கே உரசுகிறது என்பதை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சைலன்சரின் பின்முனையைக் கையால் அழுத்தி ஆட்டினால் ஒரே சீராக மெத்தென்று அசைய வேண்டும், "டிக்" என்று கேட்டால் எங்கோ லூஸ். மெயின் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குழாய் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா, போல்ட்டைச் சுற்றிச் செங்கல் நிறத் தூள் இருக்கிறதா, இணைப்புகளில் கரி படிந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்கவும். கரி என்றால் புகை கசிகிறது. வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட வண்டி நிற்பவர்களுக்குத் துரு எல்லாவற்றையும் மறைத்துவிடும், முதலில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் பார்க்கவே முடியும்.

ரப்பர் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் போய்க் கேட்டால் இரண்டு பக்கமும் போல்ட் ஒட்டிய உருளை ரப்பர் ஒன்றை எடுத்துத் தருவார்கள், "நல்ல சாமான் தம்பி, ஜப்பான்." சாமான் நல்லதாகவே இருக்கட்டும், ஆனால் அதில் சைலன்சரின் பாரத்தை ரப்பரே சுமக்கிறது. சூட்டில் ரப்பர் வெடித்தால் சைலன்சர் ரோட்டில். எனக்கு வேண்டியது நடுவில் ஓட்டையுள்ள தடித்த ரப்பர் புஷ். கடை நானாவிடம் கார் ஷொக் அப்சோபர் புஷ் கேட்டு வாங்கினேன், அளவு சரியாகவே வந்தது. அதன் ஓட்டைக்குள் போக லேத் பட்டறையில் ஒரு இரும்புக் குழல் கடைந்து கொடுக்கச் சொன்னேன். குழல் ரப்பரைவிட ஒரு மில்லிமீட்டர் அளவு குட்டையாக இருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது குழலில் முட்டி நிற்கும், ரப்பர் நசுங்கிச் சாகாது. இரண்டு பக்கமும் ரப்பரின் அகலத்துக்குப் பெரிய வாஷர். நாளைக்கு ரப்பர் முழுக்கக் கரைந்து போனாலும் சைலன்சர் ஆடுமே தவிர விழாது. வாஷரும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் பழைய சோனகத் தெருவில் வாங்கினேன்.

உள்ளே நைலோன் வளையம் உள்ள லொக் நட்டைக் குழாய்க்குக் கிட்டப் போடாதீர்கள், 120 பாகையைத் தாண்டினால் நைலோன் இளகிப் பிடி போய்விடும். முழு இரும்பு லொக் நட், இல்லையென்றால் இரண்டு நட்டை ஒன்றன்மேல் ஒன்று.

பூட்டும் வரிசை முக்கியம். எல்லாவற்றையும் முதலில் லூஸாக மாட்டி, சைலன்சர் தானாக எங்கே உட்காருகிறதோ அங்கே விட்டு, சிலிண்டர் ஹெட் பக்கம் முதலில், பிறகு நடுக் கிளாம்ப், கடைசியில்தான் பின் பிராக்கெட். பின் ஓட்டை அரை அங்குலம் தள்ளி நிற்கிறதென்றால் இழுத்துப் பிடித்து போல்ட்டைப் போடுவது வேண்டாம், பிராக்கெட்டை வளையுங்கள் அல்லது ஓட்டையை நீட்டுங்கள். இந்த வண்டிகளின் ஹெட்டில் இருக்கும் மடிப்புள்ள பெரிய அலுமினிய நட்டுக்கு மரையில் செம்புப் பேஸ்ட் பூசியே ஆக வேண்டும், வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றிப் பூட்டவும் வேண்டும். இறுகிப்போன நட்டை, ஸ்பானருக்கு நீட்டுக் குழாய் போட்டுத் திருப்பினால் ஹெட்டின் மரையும் சேர்ந்து வரும். அந்த நிலைமைக்கு வந்துவிட்டால் நட்டை வெட்டி எறிவதே மலிவு.

வெடித்த இடத்துக்கு வெல்டிங் தேவைதான், மறுக்கவில்லை. வெடிப்பின் முனையில் சின்ன ஓட்டை போட்டு, க்ரோமை அரைத்து எடுத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். க்ரோமோடு ஒட்டினால் வரும் புகை வெல்டிங் பாஸுக்கும் நல்லதில்லை. வண்டியில் இருக்கும்போதே ஒட்டுவதாக இருந்தால் பற்றரி, ஓல்டர்னேட்டர் இரண்டின் வயர் இணைப்பையும் கழற்றிவிடுங்கள்.

நெடும்பயணத்துக்கு ஒரு டின்பால் டின்னும் இரண்டு ஹோஸ் கிளிப்பும் போதும். எக்ஸ்பிரஸ்வேயில் நமக்கு இடமில்லை, யாழ்ப்பாணம் போவதென்றால் புத்தளம் வழியோ குருநாகல் வழியோ சாதாரண ரோட்டில்தான், குழிகளுக்குக் குறைவில்லை. வழியில் குழாய் வெடித்தால் டின்னை வெட்டி விரித்துச் சுற்றி இரண்டு பக்கமும் கிளிப் போட்டால் வீடு வந்து சேரலாம். பிராக்கெட் போனால் இரும்புக் கம்பி, நைலோன் கயிறு உருகிவிடும்.

மாட்டி முடித்ததும் ஒரு சுற்று ஓடி, நன்றாக ஆறவிட்டு, எல்லா நட்டையும் திரும்ப ஒருமுறை பிடித்துப் பாருங்கள். நடுக் கிளாம்ப் கட்டாயம் கால் சுற்றாவது எடுக்கும். வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை கிட்ட வருகிறதென்றால் இதையெல்லாம் அதற்கு முன் முடித்துவிடுங்கள். கசியும் இணைப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே போனால் அளவும் பிழையாகக் காட்டும்.