வாசலில் வேப்பிலை

கிராம சுகாதாரச் செவிலியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், காய்ச்சலோடு தடிப்பு கண்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று வாராவாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அறிக்கை கொடுப்பேன். எப்போதும் பூஜ்யம்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஒருநாள் டீக்கடைக்காரர் சொன்னார்: "மேலத்தெருவுல நாலு வீட்ல ஆத்தா இறங்கியிருக்கா நர்சம்மா, அந்தப் பக்கம் போகாதீங்க."

போனேன். நிலைப்படிகளில் வேப்பிலை. முந்தின வாரமும் அதே வழியாகத்தான் நடந்திருந்தேன், வேப்பிலையைப் பார்த்தும் இருந்தேன். சாமி சமாசாரம் என்று கடந்து போய்விட்டேன்.

முதல் வீட்டில் "இது ஆத்தா இல்ல, வைரஸ்" என்று ஆரம்பித்தேன். கதவு சாத்தப்பட்டது. அடுத்த வீட்டில் புத்தி வந்தது. செருப்பைத் தெருவிலேயே விட்டு, படி ஏறாமல் கேட்டேன்: "பாட்டி, முதல்ல காதுக்குப் பின்னாலயா தெரிஞ்சுது? கண்ணு செவந்து, இருமல் இருந்துச்சா?" பாட்டி நாள் கணக்கோடு சொன்னார். கடைசியில், "கொப்புளம் இல்லம்மா, இது மணல்வாரி" என்று முடிவையும் அவரே சொல்லிவிட்டார். நான் குறிப்பேட்டில் 'தட்டம்மை சந்தேகம்' என்று எழுதிக்கொண்டேன்.

ரத்த மாதிரி என்றதும் முகம் மாறியது. ஊசி பட்டால் ஆத்தா கோபிப்பாளாம். சரி, தடிப்பு வந்து 28 நாளுக்குள் எடுத்தால் போதும், அம்மை இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றட்டும் என்று விட்டுவிட்டேன். வைட்டமின் ஏ மட்டும் தள்ளிப்போட முடியாது. அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்க வேண்டும், கண்ணைக் காப்பது அதுதான். "வாயில ஊத்துறதுதானே, குடு" என்றார் பாட்டி.

பிள்ளையைத் தனி அறையில் படுக்க வைத்து, வெளியாள் யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பயிற்சியில் சொன்னதும் அதைத்தானே! ஒரே சிக்கல், தட்டம்மை தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். வாசலில் வேப்பிலை தொங்குவதற்கு முன்பே அந்தப் பிள்ளை அங்கன்வாடிக்குப் போய் விளையாடி வந்திருக்கும். அங்கன்வாடிப் பதிவேட்டைப் பிடித்துத் தேடியதில் தட்டம்மைத் தடுப்பூசி இரண்டாம் தவணை போடாத மூன்று பேர் கிடைத்தார்கள். செங்கல் சூளையிலிருந்து விளையாட வந்துபோன பிள்ளைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நோய் கண்ட பிள்ளையோடு பழகி 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் பல பேருக்கு நோயே வராமல் தடுக்கலாம். முந்தின வாரம் அந்த வேப்பிலையைப் படிக்கத் தெரிந்திருந்தால் சிலருக்காவது அந்த நேரம் கிடைத்திருக்கும். பிறகு சூளையில் இரண்டு பிள்ளைகளுக்குத் தடிப்பு வந்தது. ஒன்றுக்கு நிமோனியா வரை போய், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் தேறியது.

இப்போதெல்லாம் தெருவுக்குள் நுழைந்ததும் கண் நிலைப்படிக்குத்தான் போகும். ஆடி மாதம்தான் திண்டாட்டம், எல்லா வாசலிலும் வேப்பிலை. அப்போது பாட்டியைத்தான் போய்க் கேட்பேன்.