அம்மா நேர்ந்த கடன்கள்

ஆபீசில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் போன வாரம் டீ குடிக்கும்போது கேட்டார். "உங்க ஊர்ப்பக்கம் இந்து, கிறிஸ்டியன் ரெண்டு பேரும் சேர்ந்தே திருவிழா கொண்டாடுவாங்களாமே, ரொம்ப நல்ல விஷயம் சார்." நல்ல விஷயம்தான், தலையாட்டி வைத்தேன். சீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் நல்ல விஷயம் பண்ணுகிறோம் என்று நினைத்து எந்தக் கோயிலுக்கும் கிளம்பியதில்லை. கடன் இருக்கும், அதைக் கட்டப் போவோம். கடன் என்றால் பேங்க் கடன் இல்லை, அம்மா நேர்ந்து வைத்தது.

எனக்குச் சொந்த ஊர் உடன்குடி. கருப்பட்டி வாங்குகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். பைக்கில் பத்து நிமிஷம் போனால் குலசேகரன்பட்டினம் (நாங்கள் குலசை என்போம்), அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே மணப்பாடு, இன்னும் தெற்கே உவரி, வடக்கே திருச்செந்தூர், அதைத் தாண்டிப் போனால் தூத்துக்குடி. இந்த ஒரு கோட்டில் எத்தனை கொடிமரம் இருக்கிறது என்று எண்ணினால் விரல் போதாது. வேதக்கோயில் (சர்ச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) கொடிமரம், அம்மன் கோயில் கொடிமரம், தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது.

காலண்டர் ஜனவரியில் தொடங்கினாலும் எங்கள் கணக்குக்கு வருஷம் தொடங்குவது தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் ஜூலை 26 கொடி ஏறும்போதுதான். ஆகஸ்ட் 5 திருவிழா, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. பள்ளிக்கூட நாட்களில் பனிமய மாதா யாரென்று தெரிவதற்கு முன்பே அந்த லீவு தெரியும். அந்த ஊர் வெயிலில் பனிக்கு ஒரு மாதா என்பது எனக்கு இன்றைக்கும் சிரிப்பாகத்தான் இருக்கிறது, மாதா கோபித்துக்கொள்ளக் கூடாது. வேதக்காரர்கள் திருவிழாவில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், பெரும்பாலும் தேதி மாறாது. நம்முடையது நட்சத்திரம், திதி என்று வருஷத்துக்கு வருஷம் நகரும், செந்தூர் எக்ஸ்பிரசில் டிக்கெட் போடுகிறவனுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

2023 ஆகஸ்டில் தங்கத்தேர் ஓடியது. அது வருஷா வருஷம் வருவதில்லை, அதற்கு முன் 2013ல்தான் ஓடியது. 53 அடி உயரம். முதன்முதலில் ஓடியது 1806ல் என்பதால் தேருக்கே இருநூறு வயது தாண்டிவிட்டது. அம்மா போக வேண்டும் என்றாள், கூட்டிப் போனேன். ஜனம் என்றால் அப்படி ஒரு ஜனம், செருப்பை எங்கே விட்டேன் என்று இன்று வரை தெரியாது. வடம் பிடிக்க முண்டியடித்த கூட்டத்தில் திருநீறு வைத்தவர்களும் இருந்தார்கள், குங்குமத்தோடு பெண்களும் இருந்தார்கள், "மரியே வாழ்க" என்ற சத்தத்தில் எந்த நெற்றியிலிருந்து எந்தக் குரல் வந்தது என்று பிரிக்க முடியவில்லை. அம்மாவின் கை வடத்தில் பட்டது இரண்டு செகண்ட் இருக்கும். "தொட்டாச்சுல்ல, வா போவோம்" என்றாள். முப்பத்தைந்து மைல் கிட்டத்தட்ட பஸ்ஸில் வந்தது அந்த இரண்டு செகண்டுக்குத்தான். கடன் எதற்கு என்று கேட்டேன், அது உனக்கெதுக்கு என்றாள்.

அப்புறம் செப்டம்பர் 14 மணப்பாடு. திருச்சிலுவைக் கோயில் கடலை ஒட்டிய மேட்டில் நிற்கிறது. 1540 வாக்கில் புயலில் உடைந்த போர்த்துக்கீசியக் கப்பலின் பாய்மரத்தில் சிலுவை செய்து நட்டார்கள் என்பது அங்கே சொல்லும் கதை. புனித சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542ல். அவர் தங்கி ஜெபித்ததாகச் சொல்லும் குகை மேட்டுக்குக் கீழே இருக்கிறது, அதற்கு முன் ஒரு சைவத் துறவி இருந்த குகை அது என்று அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். குகைக்குள் ஒரு கிணறு, தண்ணீர் நல்ல தண்ணீர், உப்பு இல்லை. திருச்செந்தூரில் கடலுக்குப் பக்கத்திலேயே நாழிக்கிணறு இருக்கிறதே, அதேபோல. அங்கே முருகன் வேலால் குத்தி எடுத்த தண்ணீர், இங்கே சவேரியார் தண்ணீர். எங்கள் ஆச்சி இரண்டையும் பாட்டிலில் பிடித்து ஒரே அலமாரியில் வைத்திருந்தாள், எது எந்தத் தண்ணீர் என்று அவளுக்கும் கடைசியில் மறந்துவிட்டது.

மணப்பாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா? நிற்காது. கடல் காற்று அப்படி. பற்ற வைப்பதும் அணைவதும் ஒரே நேரத்தில் நடக்கும். சின்ன வயதில் நான் குனிந்து, கையை மூடி, சட்டையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ பண்ணிப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டேன், நேர்ச்சை செல்லாமல் போய்விடுமோ என்று. எங்கள் எதிர்வீட்டு அத்தைதான் கூட வந்திருந்தார்கள், அவர்களுக்குப் பிறந்த ஊரே மணப்பாடு. "ஏத்துறதுதான் மக்கா கணக்கு, எரியுறதெல்லாம் கணக்கு இல்ல" என்றார்கள். அன்றிலிருந்து அதுதான் என் கொள்கை.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் குலசை தசராவுக்குப் போக முடியாது. அத்தை தையல்காரி. தசரா பற்றித் தெரியாதவர்களுக்கு: குலசை முத்தாரம்மன் கோயிலில் புரட்டாசியில் பத்து நாள் திருவிழா, கொடி ஏறியதும் காப்புக் கட்டிக்கொண்டு ஜனங்கள் வேஷம் போடுவார்கள். காளி, குறத்தி, ராஜா, போலீஸ், குரங்கு, கரடி, பிச்சைக்காரன், என்ன நேர்ந்தார்களோ அந்த வேஷம். வேஷத்தோடு வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கி அதைக் கோயில் உண்டியலில் போட வேண்டும், சொந்தக் காசைப் போட்டு முடித்துவிட முடியாது. கோடீஸ்வரனும் தட்டு ஏந்த வேண்டும், அதில்தான் விஷயமே இருக்கிறது என்பது என் எண்ணம்.

எங்கள் பெரியப்பா மகன் அண்ணன் மும்பையில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். வருஷா வருஷம் காளி வேஷம். காளிக்கு விரதம் கடுமை, 48 நாள், ஒரு வேளைச் சாப்பாடு, அதையும் தானே பொங்கிச் சாப்பிடுவான். அந்தச் சடைமுடி, கிரீடம், முதுகில் கட்டும் கைகள், வாயில் கவ்வும் நாக்கு எல்லாம் சேர்ந்தால் ஒரு அரிசிச் சிப்பத்தைத் தலையில் வைத்த மாதிரி இருக்கும், அதோடு தார் ரோட்டில் செருப்பில்லாமல் ஆட வேண்டும். அவனுடைய சிவப்பு உடுப்பைத் தைத்துக் கொடுப்பது எதிர்வீட்டு அத்தை. தைக்கிற மூன்று நாளும் அத்தை வீட்டில் மீன் கிடையாது. யாரும் சொல்லவில்லை. மணப்பாட்டில் பிறந்த பெண், மீன் இல்லாமல் சோறு இறங்காது, வேறு நாளில் சாம்பார் வைத்தால் மாமா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார், அந்த மூன்று நாள் மட்டும் அவரும் வாயைத் திறக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பூசை, அதனால் அன்றைக்கு மிஷினைத் தொட மாட்டார்கள். அண்ணன் அவசரப்பட்டால் "ஒங்க அம்மனுக்கு எங்க ஞாயித்துக்கிழமை தெரியும்ல, பொறு" என்பார்கள். கூலி வாங்குவதில்லை. அண்ணன் தட்டோடு வாசலில் வந்து நிற்கும்போது பதினொரு ரூபாய் போடுவார்கள், மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது நேர்ந்ததாம். முத்து என்றால் அம்மைதானே, அதை ஆற்றுகிறவள் முத்தாரம்மன் என்பது இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் பொது அறிவு. ஆனால் பத்தாம் நாள் நடுராத்திரி கடற்கரையில் நடக்கும் மகிஷாசுர சம்ஹாரத்துக்கு அத்தை ஒரு நாளும் வந்ததில்லை. கேட்டால் கூட்டம் பிடிக்காது என்பார்கள். அது மட்டுமா காரணம் என்று நானும் கேட்டதில்லை.

எல்லா வீடும் அப்படி இல்லை. தெருவில் இரண்டு வீடு இருக்கிறது, தசரா செட் (வேஷக்காரர்கள் கூட்டம்) மேளச் சத்தம் திருப்பத்தில் கேட்டாலே கதவைச் சாத்திவிடுவார்கள். பாதிரியார் கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்பார்கள். அவர்கள் இஷ்டம், செட்டும் அங்கே நிற்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். குழாய் ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவது என்று ஒரு வருஷம் பெரிய தகராறாகி, போலீஸ் வந்து, இரண்டு பக்கமும் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது. உண்மையைச் சொன்னால் அந்த வருஷம்தான் நிம்மதியாகத் தூங்கினோம்.

நானும் ஒரு தடவை வேஷம் போட்டிருக்கிறேன். ஒன்பது வயது. போலீஸ் வேண்டும் என்று அழுதேன், அம்மா நேர்ந்தது குரங்கு. துணிக்குள் வைக்கோல் திணித்து அத்தை தைத்துக் கொடுத்த வால் என்னை விட நீளம். குலசைக்குப் போகும் பஸ்ஸில் கதவில் வால் மாட்டிக்கொண்டு, கண்டக்டர் விசில் அடிக்க, பஸ்ஸே சிரிக்க, பாதி வால் ரோட்டிலேயே போய்விட்டது. பாதி வாலோடு போய்த்தான் உண்டியலில் காசு போட்டேன். செல்லுமா என்று அம்மா ரொம்ப நாள் கவலைப்பட்டாள்.

தசரா முடிந்தால் தீபாவளி, அடுத்த ஆறேழு நாளில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம். அதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். யானைமுகம் போய், சிங்கமுகம் போய், சூரபத்மன் மாமரமாகி நிற்கும் நேரத்தில் ஐப்பசி மழை சரியாகப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவு சொன்னால் போதும்.

டிசம்பரில் தட்டுக் கணக்கு. தீபாவளிக்கு நாங்கள் கொடுத்த பலகாரத் தட்டு அத்தை வீட்டில் காத்திருக்கும், வெறுந்தட்டாகத் திருப்பித் தரக் கூடாது என்பதால். கிறிஸ்துமஸுக்கு அதில் முந்திரிக்கொத்தும் முறுக்கும் வரும், யாராவது தூத்துக்குடி போய் வந்திருந்தால் மக்ரூன், முதலூர் பக்கம் போயிருந்தால் மஸ்கோத் அல்வா. இப்போது தட்டு வெறுமையாக இருப்பது எங்கள் பக்கம். பொங்கலுக்குப் பனங்கிழங்கு வைத்து அனுப்புவோம். இந்தத் தட்டு எப்போது முதலில் புறப்பட்டது, யார் தட்டு என்பதே இப்போது குழப்பம். அடியில் பேர் வெட்டியிருந்ததைத் தேய்த்துத் தேய்த்து ஒரு எழுத்துதான் மிச்சம்.

கடைசியாக உவரி. அங்கே சுயம்புலிங்க சுவாமி கோயிலில் ஒரு நேர்ச்சை உண்டு, கடலுக்குள் இறங்கி ஓலைப்பெட்டியில் மண் அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொட்ட வேண்டும். எனக்கு வேலை கிடைத்ததற்கு அம்மா நாற்பத்தொரு பெட்டி நேர்ந்திருந்தாள், சுமக்க வேண்டியது நான். முதல் ஐந்து பெட்டி விளையாட்டாகத்தான் இருக்கும். பத்துக்கு மேல் கழுத்து எரியும். ஓலை இடுக்கில் வடியும் உப்புத்தண்ணீர் நெற்றி வழியாக நேரே கண்ணுக்குள் இறங்கும், துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் பெட்டியில். அலை ஒருமுறை முழங்காலில் தட்டியதில் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டேன். அது எண்ணிக்கையில் சேருமா என்று கரையிலிருந்த அம்மாவைப் பார்த்தேன், சேராது என்று கையை ஆட்டினாள். முடித்துவிட்டு ஈர வேட்டியோடு பக்கத்திலேயே இருக்கும் அந்தோணியார் கோயிலுக்கும் ஒரு நடை. ஜனவரி, பிப்ரவரியில் அங்கே பதின்மூன்று நாள் திருவிழா. மொட்டை போட்டுக்கொண்டு நிற்கும் குழந்தைகளை எந்த வீட்டுப் பிள்ளை என்று நெற்றியைப் பார்த்துச் சொல்ல முடியாது, எல்லாம் சந்தனம்.

இதையெல்லாம் ஆபீஸ்காரருக்கு ஒரு டீ நேரத்தில் எப்படிச் சொல்வது? அதனால்தான் இங்கே எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா போன். அந்தக் கடல் மண்ணில் ஆரம்பித்த முட்டிவலி எனக்கு இன்னும் விட்டு விட்டு வருகிறது, அதை விசாரித்தாள்.

"ஒன் முட்டிவலிக்கு உவரி அந்தோணியாருக்குப் பதிமூணு செவ்வாக்கெழம நேந்துருக்கேன்ல."

"நான் சென்னைல இருக்கேம்மா. செவ்வாய்க்கிழமை தோறும் எப்படி வாறது?"

"ஒன்ன யாரு வரச் சொன்னா? எதுத்த வீட்டு அத்தயும் நானும் போன வாரமே ஒண்ணு முடிச்சாச்சு. இன்னும் பன்னெண்டு. பஸ்ஸுக்கு ரெண்டு பேருக்கும் காசு மட்டும் போட்டு விடு."