தடிப்பில்லாத அரிப்பு

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். எட்டாம் மாதத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது, இரவில் தூக்கமே இல்லை என்று கர்ப்பிணி யாராவது சொன்னால் எனக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். வயிறு விரிவதால் அரிக்கிறது என்று வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார்கள். தடிப்பே இல்லாமல் அரித்தால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். அது கர்ப்பகாலப் பித்தத் தேக்கமாக இருக்கலாம்; கல்லீரலில் பித்தம் சரியாக ஓடாமல், பித்த அமிலம் ரத்தத்தில் ஏறும் நோய் அது.

இப்படி அரிப்போடு வந்த மேலூர்ப் பெண் ஒருவருக்கு, காமாலையில் ஏறும் மஞ்சள் நிறப் பொருளான பிலிரூபின் சரியாக இருந்தது. "காமாலைதான் இல்லையே தாயி, பிறகென்ன?" என்றார் மாமியார். இந்த நோயில் பிலிரூபின் பெரும்பாலும் ஏறுவதில்லை. முக்கியமானது பித்த அமில அளவு. லிட்டருக்கு 19 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 40ஐத் தொட்டால் கண்காணிப்பை அதிகமாக்க வேண்டும். 100ஐத் தொட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து உயர்கிறது. அதனால்தான் மருத்துவர்கள் பிரசவத்தை முன்கூட்டியே வைக்கிறார்கள். குறைமாதக் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரலாம் என்பதையும் எடைபோட்டுத்தான் நாளைக் குறிக்கிறார்கள்.

கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள், அம்மாமார்களே. அரிப்பு முதலில் வந்து, பித்த அமிலம் சில வாரங்கள் கழித்தும் ஏறலாம். முதல் முடிவு நன்றாக இருந்தாலும் அரிப்பு நிற்கவில்லை என்றால் மறுபடி ரத்தம் கொடுக்க வாருங்கள்.