என்ன நோய் என்று கேட்காத வைத்தியர்

நைஜீரியாவில், இபாதானில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஊரிலிருந்து பேசுகிறவர்கள் இங்குள்ள யொரூபா மக்களின் வைத்தியம் என்றாலே மூலிகையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு அங்கே நடக்கும் பேச்சுதான் பெரிய விஷயம்.

கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவருக்குத் தீராத வயிற்றுவலி. யொரூபாக்களின் இஃபா என்ற முறையில் குறி பார்த்து வைத்தியம் செய்யும் பாபலாவோவிடம் துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். "அபொரு, அபொயே" என்று வணக்கம் சொல்லிப் பாயில் உட்கார்ந்தோம். உடம்புக்கு என்ன என்று அவர் கேட்கவே இல்லை. அக்கா ஒரு நைரா நோட்டை உதட்டருகே பிடித்து, பக்கத்திலிருந்த எனக்கே கேட்காதபடி தன் கேள்வியை முணுமுணுத்துவிட்டுக் கீழே வைத்தார். பாபலாவோ ஒபெலெ என்ற குறிச் சங்கிலியை எடுத்து வீசினார். அதில் எட்டு அரைக்காய் ஓடுகள். எது மல்லாந்தது, எது கவிழ்ந்தது என்பதை வைத்து 256 குறிகளில் ஒன்று விழும். விழுந்த குறிக்குரிய பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். முன்பு இன்னார் இன்ன கவலையோடு குறி கேட்டார், இன்ன படையல் போடச் சொன்னார்கள், போட்டாரா, அப்புறம் என்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றும் ஒரு கதை.

அக்கா முதல் இரண்டு கதைகளைத் தனக்கில்லை என்று விட்டுவிட்டார். கூடப்பிறந்தவளோடு பேச்சை நிறுத்திக்கொண்ட ஒருத்தியின் கதை வந்ததும் நிமிர்ந்து, "இதுதான்" என்றார்.

இன்னும் நுணுக்கமாகக் கேட்பதற்கு ஒரு வழி உண்டு. 'ஆம்' என்பதற்கு ஒரு சோழி, 'இல்லை' என்பதற்கு ஒரு எலும்புத் துண்டு. எந்தக் கையில் எது என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். சங்கிலி வலதா இடதா என்று காட்டும், அந்தக் கையை விரிக்க வேண்டும்.

எல்லாம் ஏமாற்று வேலை என்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கேள்வி என்னவென்றே தெரியாதவர் வந்தவருக்குப் பிடித்த பதிலாகப் பார்த்துச் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. எந்தக் கதை தன்னுடையது என்று தீர்மானிப்பது நோயாளிதான். அந்த உரிமையை இவ்வளவு மதிக்கும் வைத்தியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்கு வைத்தியர் நிறைய மனப்பாடம் செய்திருக்க வேண்டும். குறிக்குக் குறைந்தது நான்கு பாட்டு என்றாலே ஆயிரத்தைத் தாண்டிவிடும். யுனெஸ்கோ 2005இல் இஃபாவுக்கு அங்கீகாரம் கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் இருவரும் சாதாரணமாகப் பேசினார்கள். வலி எப்போது வருகிறது, என்ன சாப்பிடுகிறாய் என்று விசாரித்தார். இலைகளைக் கட்டிக் கொடுத்து, ஆஸ்பத்திரி மாத்திரையையும் நிறுத்தாதே என்றார். தங்கையிடம் யார் முதலில் பேசுவது என்பதைப் பற்றித்தான் அதிக நேரம் பேச்சு போனது.